ஓடுபாதையின் மிச்சம்

ஊரைவிட்டுத் தள்ளி, கல்குவாரிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. அதன் ஓடுபாதைக்கு ஒரு கடைசித் துண்டு உண்டு. ஆயிரம் அடி நீளம். தார் போட்டு முடிக்கிற அன்று மேஸ்திரி அதைக் காட்டி, "இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார். தன்னைப் பற்றி ஒரு மனிதர் பேசிக் கேட்டது துண்டுக்கு அதுதான் முதல் தடவை. அதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அப்புறம் அந்தப் பெயரை யாரும் சொல்லவே இல்லை.

விமானங்கள் எதிர்க் கோடியில் இறங்கும், நடுவில் வேகம் குறையும், மிச்சம் தொடங்குவதற்கு முன்பே இடதுபக்கம் திரும்பிப் போய்விடும். ஓடுபாதையின் முன்பகுதி சக்கரம் உரசி உரசி கன்னங்கரேலென்று இருந்தது. மிச்சம் மட்டும் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை கூட்டுகிற வண்டி வரும். அதுவும் அவசரமாக வந்து அவசரமாகப் போகும்.

துணைக்கு இருந்தது காற்றுப்பை ஒன்றுதான். கம்பத்தில் தொங்கிக்கொண்டு காற்று போகிற பக்கம் நீட்டிக் காட்டுகிற துணிப்பை. அதற்கு வாய் சும்மா இருக்காது.

"ஏ கடைசி, இன்னிக்கும் யாரும் வரல போல?"

"வரல."

"எதுக்குத்தான் உன்னைப் போட்டாங்களோ!"

ஒரே ஒரு சக்கரம், ஒரே ஒரு தடவை தன்மேல் ஏறினால் போதும் என்று மிச்சம் ஏங்கிக் கிடந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஒரு குட்டி ஜெட் வந்தது. ஓட்டி வந்தவர் கேப்டன் தேவசகாயம். பக்கத்தில் துணை விமானி நப்பின்னை. பின்னால் விமானத்தின் சொந்தக்காரர் சென்னியப்பன், பட்டு வேட்டியில்.

"ஏனுங் கேப்டன், முகூர்த்தத்துக்குள்ள போயிருவோமுங்களா? தாலி எடுத்துக் குடுக்கறதே நான்தானுங்."

"போயிடலாம் சார்."

காற்றுப்பை தன்னால் முடிந்த மட்டும் நீட்டிக் காட்டியது. காற்று விமானத்தை முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஜெட் இறங்க வேண்டிய வெள்ளைக் கட்டங்களைத் தாண்டியும் சக்கரம் தரையில் படாமல் மிதந்தது.

"சார், வேகம் ஜாஸ்தி. மேல ஏறிச் சுத்தி வந்துடலாம்," என்றாள் நப்பின்னை.

"சுத்தி வந்தா பத்து நிமிஷம் போயிடும்மா. இறக்கிடறேன்."

அந்த நேரத்தில் ஏறியிருக்கலாம். பத்து நிமிஷத்தைத் தவிர ஒன்றும் போயிருக்காது.

பாதிப் பாதை கழிந்த பிறகுதான் சக்கரம் தொட்டது. தேவசகாயம் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பிவிட்டார். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. எல்லோரும் திரும்புகிற இடம் பக்கவாட்டில் விருட்டென்று போய்விட்டது. எதிரே கம்பிவேலி. வேலிக்கு அப்பால் குவாரிப் பள்ளம்.

"மேல ஏத்திடறேன்!" என்று கத்தியபடி தேவசகாயம் எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற பிடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

ஜெட்டும் அலறியது. "வழிவிடு! நான் மேல போகணும்!"

இத்தனை வருஷம் காத்திருந்த மிச்சத்துக்கு வந்த முதல் விருந்தாளி இப்படிக் கதறிக்கொண்டு வந்தது. மிச்சத்துக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது.

"ஏறாதே!" என்று அதுவும் கத்தியது. "நீ மூச்சுப் பிடிக்கிறதுக்குள்ள வேலி வந்துடும். பறக்க என்கிட்ட இடம் இல்ல. நிக்க இருக்கு!"

"உனக்குத் துணை வேணும். அதான் நில்லுங்கறே!"

"ஆமா, வேணும்தான். ஆனா இப்ப அதுக்காகச் சொல்லல. நில்லு!"

உள்ளே நப்பின்னையின் கை கேப்டனின் கையை அப்படியே அழுத்திப் பிடித்தது.

"வேணாம் சார்! லேட்டாயிடுச்சு. இனிமே ஏற முடியாது. பிரேக்கை விடாதீங்க!"

ஒரு கணம் இரண்டு கைகளும் மல்லுக்கு நின்றன. பிறகு அவர் கை தளர்ந்தது. கால் மட்டும் பிரேக்கிலேயே இருந்தது.

மிச்சம் தன் சொரசொரப்பை எல்லாம் கொடுத்தது. யாரும் மிதிக்காத தார். தேயாத தார். அது சக்கரத்தை விடாமல் கவ்விக்கொண்டது. தொள்ளாயிரம் அடி போயிற்று. இன்னும் எண்பது போயிற்று. ஜெட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

சென்னியப்பன் மணி பார்க்கவில்லை.

தேவசகாயம் கதவைத் திறந்து இறங்கினார். ஈரத் தாரிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"நீ சொன்னப்பவே ஏறியிருக்கணும் நப்பின்னை," என்றார். பிறகு, வேலியைப் பார்த்தபடி, "உயிர் மிச்சம்" என்றார்.

தன் பெயரை ஒருவர் சொல்லக் கேட்டு மிச்சம் சிலிர்த்துப்போயிற்று.

மதியத்துக்குள் ஜெட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்கைந்து பேர் நாடா பிடித்து அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், அவர்களும் போனார்கள். இரண்டு கறுப்புக் கோடுகள் மட்டும் மிச்சத்தின்மேல் கிடந்தன. மறுபடியும் அது தனியாக இருந்தது. பழைய தனிமைதான், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மறுநாள் காலையில் ஒரு விமானம் வந்தது. வெள்ளைக் கட்டத்தில் இறங்கியது, நடுவில் தணிந்தது, வழக்கம்போல இடதுபக்கம் திரும்பிப் போய்விட்டது.

"ஏ கடைசி," என்றது காற்றுப்பை, "இன்னிக்கு?"

"யாரும் வரல," என்றது மிச்சம். நேற்றுவரை ஏங்கிச் சொன்ன அதே சொல், இன்று நிம்மதியாக வந்தது.