‘மேலும்’ போட்டு ஒட்டின அறிக்கை

சாயக் கம்பெனியில வருசாந்திர அறிக்கை எழுதுற குழந்தைசாமிக்கு மூக்கு நுனியில கோபம். எழுதினதை டைரக்டருங்க ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை திரும்புனா ஆளைக் குடோனுக்கு மாத்திருவாங்கன்னு பேச்சு.

நேரா வஞ்சிக்கொடி ரூமுக்குப் போனாரு. கணக்குப் பிரிவுக்குத் தலைமை அவங்கதான். வயசுல அவரைவிடச் சின்னவங்க. ஆனா அறிக்கை விசயத்துல அவருக்குக் குரு.

"ஒருங்கிணைந்த அறிக்கை வேணும்னாங்க. லாபம், தண்ணி, தொழிலாளி எல்லாத்தையும் ஒரே புத்தகத்துல கொண்டாந்தாச்சு. பைண்டிங்கும் பண்ணியாச்சு. இன்னும் என்னத்தைங்க மேடம் ஒருங்கிணைக்கிறது?"

"எப்படி இணைச்சீங்க?"

"ஒவ்வொரு பிரிவும் எழுதிக் குடுத்ததுக்கு நடுவுல ‘மேலும்’ போட்டேனுங்க."

வஞ்சிக்கொடி ஒரு பக்கத்தைத் தொறந்து படிச்சாங்க. "‘இவ்வாண்டு நான்கு புதிய சாய மெஷின்கள் நிறுவப்படும். மேலும், தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைக்கப்படும்.’"

‘மேலும்’ங்கறதைப் பேனாவால அடிச்சாங்க. "இங்க ‘அதனால்’ போட்டுப் படிங்க."

படிச்சாரு. "மெஷின் கூடுனா தண்ணி எப்படிங்க மேடம் குறையும்?"

"சரி, ‘ஆனாலும்’ போடுங்க."

"அதெப்படி முடியும்னு டைரக்டருங்க கேப்பாங்களே மேடம்."

"யாரைக் கேட்டாத் தெரியும்?"

தலையில அடிச்சுக்கிட்டே போயி, சாயப் பிரிவு பொன்னுரங்கத்தையும் கழிவுத்தண்ணி சுத்திகரிப்பைப் பாக்குற பெனாசிரையும் கூட்டியாந்தாரு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அன்னைக்குத்தான் படிக்கிறாங்க.

"தண்ணியப் பாதியாக்கிட்டா? எச்சிலத் தொட்டா நான் சாயம் போடறது?"ன்னாரு பொன்னுரங்கம்.

"நாலு மெஷின் வாங்கறதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களாண்ணா? வர்ற கழிவை எங்க வீட்டு அண்டாவுலயா பிடிச்சு வைக்கிறது?"

"கேண்டீன்ல தினம் எதுத்தாப்புலதான உக்கார்ற அம்மிணி. கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க வடையை விட்டுத் தலையத் தூக்குனாத்தான கேக்கறதுக்கு!"

சத்தம் வராண்டா வரைக்கும் போச்சு. மெஷின் நாலா ரெண்டா, பழசுல எதை நிறுத்தறது, கழிவைச் சுத்தம் பண்ணித் திரும்ப சாயத்துக்கே விட்டா என்னன்னு வாக்குவாதம் எங்கெங்கயோ போச்சு. குழந்தைசாமி காதைப் பொத்திக்கிட்டாரு.

"மேடம், நாளைக்கு அறிக்கை குடுக்கணும். இவங்க எப்ப முடிக்கிறது, நான் எப்ப எழுதறது? அந்த இடத்துல என்ன வார்த்தைன்னு நீங்களே சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வஞ்சிக்கொடி கதவைச் சாத்தினாங்க. ஒரு நாற்காலிய அவர் பக்கம் இழுத்துப் போட்டாங்க.

"அந்த வார்த்தையத்தான் இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு எழுதிக்கிட்டிருக்காங்க. நீங்க பேனாவ மட்டும் பிடிங்க."