பூனைக்கு வைத்த பத்தியம்

அந்தக் காலத்தில் பூனைகள் பேசும். குட்டி போடுவதை ஒளிக்கவும் செய்யாது. நடுவீட்டிலேயே, நாலு பேர் பார்க்கப் படுத்துப் பெற்றுக்கொள்ளும். பிள்ளை பெற்ற மகளைப் போல அதைக் கவனிக்க வீட்டில் ஆள் இருந்தது.

கடலோரத்தில் கருவாடு போட்டு விற்ற காத்தாயியின் வீட்டில் வெள்ளச்சி என்றொரு பூனை. தலைப்பிரசவத்திலேயே மூன்று குட்டி. காத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. பழைய சேலையைக் கிழித்து மெத்தை போட்டாள். காற்றுப் படாமல் சன்னலை அடைத்தாள். கருவாட்டைச் சுட்டு, முள் எடுத்து ஊட்டினாள். தண்ணீர் மட்டும் தரவில்லை.

"ஆத்தா, நாக்கு வறளுது. ஒரு வாய் தண்ணி தாயேன்" என்றது வெள்ளச்சி.

"பச்ச உடம்புடி. தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும். எங்காத்தா எனக்கும் இப்படித்தான் பத்தியம் வச்சா. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நான் பூனை, ஆத்தா. எனக்குப் பால் சுரக்க மாட்டேங்குது."

"புள்ள பெத்தவ எல்லாருக்கும் ஒரே உடம்புதான். பேசாமப் படு."

வளர்த்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதுவும் படுத்துக்கொண்டது, பாவம்.

மறுநாள் சந்தைக்குக் கிளம்பும்போது, ஆள் இல்லாத நேரத்தில் குடித்துவிடுமோ என்று காத்தாயிக்குப் பயம். தண்ணீர்க் குடத்தை மூடி, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். கதவையும் இழுத்துத் தாழ் போட்டாள். பாசத்தில்தான் செய்தாள். நினைத்தால் அதுதான் வயிற்றெரிச்சல்.

பொழுது சாயத் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். குடத்தைச் சுற்றிலும் நகக்கீறல். கடைக்குட்டி வற்றிய காம்பில் வாய் வைத்தபடியே செத்துக் கிடந்தது.

"ஐயோ, நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு குழவியைத் தள்ளினாள் காத்தாயி. சட்டி நிறையத் தண்ணீர் வைத்தாள். வெள்ளச்சி தலை நிமிராமல் குடித்து முடித்தது.

"உனக்கு எம்மேல பாசம்தான், ஆத்தா. ஆனா நான் சொன்னதை நம்பியிருக்கலாம்" என்றது.

பிறகு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வாசலைத் தாண்டியது. திரும்பி வந்து மற்றதையும் கவ்வியது. "பச்ச உடம்போட எங்கடி போறே?" என்று பின்னாலேயே ஓடினாள் காத்தாயி. வெள்ளச்சி நிற்கவில்லை.

சாகும்வரை அவள் கொல்லையில் தண்ணீர்ச் சட்டி வைத்தாள். காலையில் தண்ணீர் குறைந்திருக்கும். குடித்தவளை மட்டும் ஒருநாளும் கண்ணில் பார்த்ததில்லை.

குட்டி போட்ட பூனை ஒளிந்துகொள்வதும், நாம் பார்த்துவிட்டால் வீடு மாறுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். எங்கே போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். வாயில் குட்டி இருக்கிறது, பதில் சொல்லாது.