துப்பாக்கிக்குப் பேதி கொடுத்த தவசிலிங்கம்

எக்ஸ்-மிலிட்டரி தவசிலிங்கம் வாயைத் திறந்தால் பொய்யைத் தவிர வேறெதுவும் வராது என்று கோத்தகிரிப் பக்கம் சொல்வார்கள். அது அபாண்டம். கொட்டாவியும் வரும். ஆனால் அந்தத் தை மாதக் காலையில் அவர் சொன்ன பொய்கள் வயிற்றுப் பிழைப்புக்காகச் சொன்னவை. அவற்றை மட்டும் நாம் மன்னித்துவிடலாம்.

தேயிலை எஸ்டேட்டில் அவர் காவலர். அன்று எட்டு மணிக்கு மேனேஜர் துரை வந்து, எஸ்டேட் ரைபிளைச் சுட்டுக் காட்டச் சொல்வார். வெடிக்காவிட்டால் வேலைக்கு வேறு ஆள். இவரோ, கன் ஆயில் தீர்ந்துபோக, வாங்கச் சோம்பல்பட்டு, தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயை முந்தின நாள் அதில் தாராளமாக ஊற்றிவைத்திருந்தார். ராத்திரி உறைபனியில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக இறுகி, பின்னால் இழுக்கிற போல்ட் இம்மியும் அசையவில்லை.

குண்டுகளைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, ரெஜினாவின் டீக்கடை அடுப்பை ஒட்டினாற்போல் ரைபிளை பெஞ்சில் கிடத்தி உட்கார்ந்தார். எண்ணெய் உருகும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

லாரி டிரைவர் போஜன் கையை நீட்டினான். “குடுங்கண்ணே, ஒருதரம் இழுத்துப் பாக்குறேன்.”

“தொடாதே! எண்ணெய் ஊறிக்கிட்டிருக்கு. எண்ணெயோட குணம் தெரியாம துப்பாக்கியைத் தொடலாமா? ராஜஸ்தான்ல ஒட்டக நெய் போட்டேன். குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டுனா, முதுகுல தொங்குற துப்பாக்கியிலேருந்து குண்டு தானா வழுக்கி விழுந்துரும். மணல்ல வழுக்கிக்கிட்டே அடுத்த ஊருக்குப் போயிரும்.”

“வெடிக்காமயேவா?”

“வெடிச்சுத்தான் போகணும்னு அதுக்கென்ன தலையெழுத்து?”

“அதை என் லாரிக்கு ஊத்துனா டீசலே வேணாமே” என்றான் போஜன்.

தவசிலிங்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். எண்ணெய் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. ரைபிளை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் நகர்த்தினார். நகர்த்தின கையோடு அடுத்த பொய்யும் வந்துவிட்டது.

“லடாக்ல விளக்கெண்ணெய் போட்டேன் பாரு, அதுதான் வினை. ரைபிளுக்குப் பேதி புடிச்சிருச்சு. சுட ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. இருந்த குண்டெல்லாம் தீந்துபோச்சு. அப்பவும் சுடுது.”

“குண்டு இல்லாமயா?” என்றாள் ரெஜினா.

“இருக்குறது மட்டும் போனா அதுக்குப் பேரு பேதியா? கர்னலே கையெடுத்துக் கும்பிட்டாரு. கெட்டித் தயிர்ல சோறு பிசைஞ்சு குழாய்க்குள்ள திணிச்சேன், நின்னுச்சு. அப்புறம் ரெண்டு நாளைக்கு வெறும் கஞ்சிதான் குடுத்தேன்.”

கீழே வளைவில் ஜீப் உறுமியது. போஜன் மறுபடியும் கையை நீட்டினான். தவசிலிங்கம் பதறிப்போய்க் குரலை உயர்த்தினார்.

“நல்லெண்ணெய் இதுக்கும் மேல! ஒரு சனிக்கிழமை ரைபிளுக்கு எண்ணெய் தேய்ச்சு, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். அன்னிக்குன்னு பாத்து சிறுத்தை வந்திருச்சு. சுட்டேன். குண்டு வெளியே வந்துச்சு, சோம்பல் முறிச்சுச்சு, மர நிழல்ல படுத்துத் தூங்கிருச்சு. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச உடம்பு, பாவம்! சிறுத்தை கிட்ட வந்து மோந்து பாத்துட்டு, எழுப்ப மனசில்லாம, சத்தமில்லாம நடந்து போயிருச்சு.”

போஜனுக்கு டீ புரையேறியது. ஜீப் வந்து நின்றது.

“தவசி, சுடு பாக்கலாம்” என்றார் துரை.

குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு தவசிலிங்கம் போல்ட்டை இழுத்தார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினதுபோல் வழுவழுவென்று வந்தது. குண்டைப் போட்டு எதிர் மண்மேட்டில் சுட்டார். மலையே அதிர்ந்தது. சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“இந்தக் குளிர்லயும் இப்படி வேலை செய்யுதே! என்ன எண்ணெய் போடுறே?”

“மிலிட்டரி ரகசியம், தொரை.”

துரை மற்ற இருவரையும் பார்த்தார். ரெஜினா டீ ஆற்றினாள்; போஜன் டம்ளருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டான். “சரி, நீயே இரு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

தவசிலிங்கம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ரெஜினா பெஞ்சில் ஒழுகியிருந்ததைக் கையால் வழித்து, முகர்ந்து பார்த்து, தன் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

“தேங்காயெண்ணெய், போஜா. இது உருக என் விறகே போதும். அண்ணன்தான் வீணா ஒரு வண்டிப் பொய்யையும் சேத்து எரிச்சிருக்காரு.”