கொஞ்சம் அசை என்றாள் கொக்கு

அந்தக் காலத்தில், மாட்டுக்கும் கொக்குக்கும் ஒரே பாஷை இருந்தபோது, ஆற்றோரப் புல்வெளியில் செம்பி என்றொரு பசு இருந்தாள். மெல்லுவதெல்லாம் வேலையற்றவர்கள் வேலை என்பது அவள் எண்ணம். கண்ணில் பட்டதை வாரி விழுங்குவாள். வயிறு புடைத்ததும் வாய்க்கு ருசியாக நாலு புளியம்பழம். அதோடு நின்ற இடத்திலேயே மல்லாந்து, காலை ஆகாயத்துக்குக் காட்டியபடி தூங்கிவிடுவாள்.

நெஞ்சு எரியாமல் குளிரவா செய்யும்?

தின்றது புளிப்பும் கசப்புமாய்த் தொண்டைவரை எதுக்களித்து வரும். செம்பி அதை அப்படியே முழுங்கிவிட்டு, "இந்தப் பக்கத்துப் புல் சரியில்லை" என்பாள். மறுநாள் மேயும் இடத்தை மாற்றுவாள். தன்னை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

கன்று பிறந்த பிறகுதான் விஷயம் முற்றியது. பொழுது சாய்ந்ததும் பசுக்கள் குரல் கொடுக்க, கன்றுகள் அதது தன் தாயிடம் ஓடிவரும். செம்பியும் வாயைத் திறந்தாள். புளித்துப் புளித்துப் புண்ணாகிப்போன தொண்டையிலிருந்து தவளை கத்துவதுபோல ஏதோ வந்தது. அவள் மகன் பொட்டு மிரண்டு, வேறொரு பசுவின் குரலுக்குப் பின்னால் ஓடினான். அந்தப் பசுவோ அவனைக் காலால் தள்ளிவிட்டாள். பசியோடு நடுவெளியில் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் செம்பிக்கு எல்லா வீம்பும் இறங்கிப்போயிற்று.

நேரே கொக்கு வெள்ளச்சியிடம் போனாள்.

"என் பிள்ளைக்கே என் குரல் தெரியவில்லையடி."

"வாயைத் திற அக்கா." வெள்ளச்சி நீள அலகை உள்ளே விட்டுப் பார்த்தாள். "ஊறுகாய் ஜாடி தோற்றது. மென்றுதான் தின்கிறாயா?"

"அதற்கெல்லாம் எங்கே நேரம்?"

"மல்லாந்து கிடக்க மட்டும் நேரம் இருக்கிறதாக்கும். வயிற்றுக்கா பல் முளைத்திருக்கிறது? பானையைக் கழுத்துவரை நிரப்பிச் சாய்த்துவைத்தால் கொட்டத்தான் செய்யும். இனி அரை வயிறு போதும். படுக்கும் நேரத்தில் புளியம்பழத்தைத் தொடாதே. தின்றதும் கட்டையை நீட்டாதே. கொஞ்ச நேரம் அசை."

நடக்கத்தான் சொன்னாள். ஆனால் செம்பி எதையும் பாதிக் காதில் கேட்பவள்.

மறுநாள் அரை வயிற்றோடு நிறுத்தி, நெஞ்சைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அசையச் சொன்னது நினைவு வந்தது. எழுந்திருக்க உடம்பு வளையவில்லை. வாய்தான் சும்மா இருந்தது, அதை அசைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கவளம் மேலே வந்தது. வழக்கம்போல முழுங்குவதற்குள், அசைந்துகொண்டிருந்த வாய் அதை மென்றுவிட்டது. புல்லுக்கு இப்படியொரு இனிப்பு உண்டா என்று அவளுக்கே ஆச்சரியம். கவளம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எரியவில்லை.

வெள்ளச்சி வந்து பார்த்தாள். "அசையச் சொன்னால் உட்கார்ந்திருக்கிறாய்?"

"அசைத்துக்கொண்டுதானே இருக்கிறேன், வாயை."

"நான் காலைச் சொன்னேன்."

"எதை என்று நீ சொல்லவில்லை."

வெள்ளச்சி மறுபடி தொண்டைக்குள் எட்டிப் பார்த்தாள். சிவப்பு சற்றுத் தணிந்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நடக்கப்போவதில்லை என்று தெரிகிறது. அந்த அசையையாவது ஒழுங்காகப் போடு."

புண் ஒரே நாளில் ஆறிவிடவில்லை. நடுவே ஒருநாள் நாக்கு கேட்கவில்லை. புளியமரத்தடிக்குப் போய்த் தின்றுவிட்டு, சாயங்காலம் முழுக்க எரிச்சலில் துடித்தாள். "உன்னை நம்பி விட்டால் ஆகாது" என்று வெள்ளச்சி அவள் முதுகிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். புளியமரத்துப் பக்கம் தலை திரும்பினால் ஒரு கொத்து.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு சாயங்காலம் செம்பி தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தாள். "அம்மா" என்று கணீரென வந்தது. தூரத்தில் நின்ற பொட்டு காதை நிமிர்த்தினான். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவள் மடியை முட்டினான்.

அன்று முதல்தான் மாடு மேய்ந்த கையோடு மல்லாந்து படுக்காமல், நெஞ்சை ஊன்றித் தலை நிமிர்ந்து உட்கார்ந்து அசை போடுகிறது. கொக்கும் இன்னும் நம்பிக்கை வராமல் அதன் முதுகை விட்டு இறங்காமல் இருக்கிறது.