தனியாக ஒரு சந்தேகம்

“மேடம், ஒரு சின்ன சந்தேகம். தனியாக் கேக்கலாங்களா?”

இப்படி ஒரு செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பத்தொன்பது. அதில் இருபத்தாறு வருடம் கணினி நிரல் எழுதியே போயிற்று. அலுவலகத்தில் யாருக்கு எது உடைந்தாலும் அவர் நாற்காலியைத் தேடித்தான் வருவார்கள்.

இப்போது அவர் ‘அணில்’ என்ற புதிய கணினி மொழிக்கு மாணவர். அணில் யாருக்கும் சொந்தமில்லை. பல ஊர்க்காரர்கள் கூடி, சம்பளம் வாங்காமல், எல்லோர் கண் முன்னாலும் கட்டிக்கொண்டிருந்த மொழி. தொடங்கி வைத்தவர் கோகிலவாணி. முப்பத்திரண்டு வயது.

அவரிடமிருந்து பதில் உடனே வந்தது.

“பொதுவுல கேளுங்கண்ணா.”

கூடவே, எல்லோரும் எழுதும் பக்கத்தின் முகவரி.

நாச்சிமுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். அறுநூறு பேர் பார்க்கிற இடம். அவர் அலுவலகத்து ஆட்களே நாலு பேர் இருந்தார்கள். சட்டென்று மூடிவிட்டார்.

சந்தேகம் என்னவோ நிஜமாகவே சின்னதுதான். ஆனால் அவர் எழுதிய நிரல் தினமும் அதே இடத்தில் முரண்டு பிடித்தது. எட்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

அணில்காரர்களின் மாதக் கூட்டம் பீளமேட்டில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நடந்தது. இடைவேளையில் டீ கேன் பக்கம் கோகிலவாணியை மடக்கினார்.

“மேடம், அந்தச் சந்தேகம்...” குரல் அவருக்கே கேட்கவில்லை.

கோகிலவாணி அவர் கையில் ஒரு பன்னைக் கொடுத்தார். பிறகு திரும்பி, மாடி அதிரக் கூவினார்.

“எல்லாரும் இங்க பாருங்க! நாச்சிமுத்தண்ணனுக்கு ஒரு சந்தேகமாம்!”

முப்பது முகங்கள் திரும்பின.

“பாத்ரூம் எங்கீங்கன்னு கேட்டேன்” என்றார் நாச்சிமுத்து.

மூன்று பேர் வழி காட்டினார்கள். இனிப் போகாமல் தீராது. போய், தாழ் போட்டுக்கொண்டு, பன்னும் கையுமாக ஐந்து நிமிடம் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ராஜாமணியிடம் பொரிந்து தள்ளினார்.

“கர்வம் புடிச்ச பொண்ணு! இனி அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்.”

“விட்டுத் தொலைங்க. பழைய மொழிதான் சோறு போடுதல்ல?”

போடுகிறதுதான். ஆனால் அணிலில் எழுத உட்கார்ந்தால் அவருக்குக் காபி ஆறுவது தெரியாது. முதன்முதல் நிரல் ஓடிய நாளில் வந்த சிரிப்பு, இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் திரும்ப வந்திருந்தது. அதை விட அவருக்கு மனசில்லை.

“இதுகூடத் தெரியாதான்னு கேட்டுட்டா?” என்றார் மெல்ல.

“தெரியாதுன்னு சொல்லுங்க” என்றார் ராஜாமணி. வெண்டைக்காய் நறுக்குவதை அவர் நிறுத்தவில்லை.

அடுத்த மாதக் கூட்டம். கோகிலவாணி பலகை முன் பேசி முடித்ததும் நாச்சிமுத்து எழுந்தார். காது இரண்டும் கொதித்தன.

“எனக்கு ஒண்ணு தெரியலைங்க.”

சொல்லிவிட்டார். மாடி இடிந்து விழவில்லை.

“அணில்ல ஒரு வேலை ஃபைலைத் திறந்து எழுதிட்டு இருக்குது. அந்த வேலையை நாம பாதியில நிறுத்திட்டோம். அப்ப, திறந்த ஃபைலை யாருங்க மூடறது?”

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினார். “எனக்கும் அங்கதான் மாட்டுது. என் தப்புன்னு நெனச்சு நான் வெளியவே சொல்லலை.”

“நானுந்தான்” என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். இன்னும் நாலு கைகள் எழுந்தன.

கோகிலவாணி பலகையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அப்புறம் பலகையை விட்டு நகர்ந்து வந்து, ஒரு நாற்காலியை இழுத்து நாச்சிமுத்துவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

“அக்கா, பதில்?” என்று முன்வரிசைக்காரர் கேட்டார்.

“எனக்கும் தெரியலியே!”

சொல்லிவிட்டு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். முகம் கொள்ளாத சிரிப்பு.

“நல்லவேளைங்கண்ணா. தனியாக் கேட்டிருந்தா, நானும் எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சிருப்பேன்.”