சுத்தமான வேண்டுதல்

"ஜனங்க சாக்கடை வாயோட கோயிலுக்கு வர்றாங்க, அம்மா," என்றார் சபாபதி.

பூசாரி பொற்கொடி திரி திரித்துக்கொண்டிருந்தாள். "கோயிலுக்கா? உங்க கம்ப்யூட்டருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே, அம்மா."

அவள் அடுத்த திரியை எடுத்தாள்.

அந்தக் கோயிலின் தெய்வத்துக்கு ஊமைச்சி என்று பெயர். கல்லில் இரண்டு காதுகள் உண்டு. வாய் செதுக்கப்படவில்லை. மனத்தில் இருப்பதை அவள் முன்னால் எப்படி வேண்டுமானாலும் கத்தலாம். அது பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காமல் இருக்க மேளக்காரன் மாரப்பன் பம்பை அடிப்பான்.

வர முடியாதவர்களுக்காகச் சபாபதி ஓர் இணையதளம் செய்திருந்தார். எங்கெங்கிருந்தோ எழுதுவார்கள். அந்தியில் சந்நிதியில் நின்று அவர் படிப்பார்.

கம்பெனி வேலையில் ஓய்வு பெற்றவர். பொற்கொடியைவிட மிகவும் மூத்தவர். மனைவி போன பிறகு அமைதி தேடி வந்தவர், அவளையே குருவாகக் கொண்டு இங்கே தங்கிவிட்டார்.

"சல்லடை ஒண்ணு போட்டிருக்கேன், அம்மா. கெட்ட வார்த்தை இருந்தா வேண்டுதல் உள்ளே வராது. 'தூய சொற்களில் மீண்டும் எழுதவும்'னு திருப்பி அனுப்பிடும்."

"எழுதுறாங்களா?"

"எழுதுறாங்களே! ஜனங்க திருந்துறாங்க."

பொற்கொடி சிரித்தாள். "பொறந்ததிலிருந்து இங்க பூசை பண்றேன். எங்கிட்ட ஒருத்தர்கூடத் திருந்தலை. உங்க மிஷினுக்கு ராசி இருக்கு, ஐயா."

"அப்ப என் பம்பைக்கு வேலை போச்சா?" என்றான் மாரப்பன்.

"யார் காதிலும் விழலாம் இனிமே. பம்பை எதுக்கு?" என்றார் சபாபதி.

அன்று அந்தியில் பம்பை ஒலிக்கவில்லை.

அவர் படித்தார். கூட்டம் கேட்டது. காற்று நின்றுபோயிருந்தது. விளக்குச் சுடர் ஆணி அடித்ததுபோல அசையாமல் நின்றது.

கடைசியாக ஒன்று இருந்தது.

"தாயே, வணக்கம். நான் சுலோசனா. நலமாக இருக்கிறேன். என் கணவர் மிகவும் நல்லவர். இனி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மகளை மட்டும் பார்த்துக்கொள்ளவும்."

"எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு பாரு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

பொற்கொடி எழுந்தாள்.

"இந்தப் பொண்ணு முன்னாடி எழுதியிருக்காளா?"

சபாபதி போனில் தேடினார். "எழுதியிருக்கு, அம்மா. எல்லாம் சல்லடையில நின்னுபோச்சு."

"படிங்க."

"அதையா? என் வாயால எப்படிம்மா?"

"மாரப்பா, அடி."

பம்பை எழுந்தது.

சபாபதியின் உதடுகள் அசைவது மட்டும் கூட்டத்துக்குத் தெரிந்தது. பொற்கொடி அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

அந்தச் சொற்கள் சுலோசனாவுடையவை அல்ல. ஒவ்வொரு வேண்டுதலும் 'அவர் என்னைச் சொன்னது' என்றே தொடங்கியது.

முதலில் எழுதியதில் எல்லாம் இருந்தன. கணவன் சொன்ன சொற்கள், பெல்ட், பூட்டிய அறைக்கதவு. அடுத்ததில் சொற்கள் பாதியாகியிருந்தன, பெல்ட் இல்லை. அதற்கடுத்ததில் கதவும் ஒரே ஒரு சொல்லும்.

கடைசியில் கதவும் இல்லை.

பம்பை நின்றது.

"எந்த வார்த்தை தப்புன்னு சல்லடை சொல்லாது, அம்மா," என்றார் சபாபதி. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்திருக்கா."

"ஊர் போட்டிருக்காளா?"

"ஆத்துக்கு அக்கரை. மேட்டுத்தெரு."

மாரப்பன் பம்பையைத் தரையில் வைத்தான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

"போலீசுக்கும் சொல்லிட்டே போ," என்றாள் பொற்கொடி. பிறகு சபாபதியிடம், "நம்பர் இருக்கா? போடுங்க. இவங்க போய்ச் சேர்ற வரைக்கும் அவனை நகர விடாதீங்க."

அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தது ஓர் ஆண்.

"வணக்கமுங்க. சொல்லுங்க. கை சோத்துல இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"சுலோசனா இருக்காங்களா?"

"தூங்குறாங்க. தலைவலின்னு படுத்தாங்க. நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"கோயில்ல இருந்து..."

"ரொம்ப சந்தோஷமுங்க. பிரசாதம் ஏதும் அனுப்புறீங்களா?"

இனிமையான குரல். சல்லடையில் நிற்க அதில் ஒரு சொல்லும் இல்லை.

குரலுக்குப் பின்னால் விரல்கள் தட்டை வழிக்கும் சத்தம். அதற்குப் பின்னால் வீடு. அந்த வீட்டில் ஒரு குழந்தை இருப்பதற்கான சத்தம்கூட இல்லை.

"ஹலோ? பெரியவரே, இருக்கீங்களா? எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. வெச்சிடட்டுங்களா?"

சபாபதி வாயைத் திறந்தார். நல்ல சொல் ஒன்றும் வரவில்லை.

பொற்கொடி அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

முதல் சொல்லைச் சொன்னாள்.

பம்பை தரையில் கிடந்தது. கூட்டம் பின்வாங்கியது. ஒரு தாய் தன் பிள்ளையின் காதுகளைப் பொத்தினாள்.

இரண்டாவதைச் சொன்னாள்.

கோபமில்லாமல், அர்ச்சனையில் நாமங்களைச் சொல்வதுபோல, ஒவ்வொன்றையும் நிறுத்தி, உரக்கச் சொன்னாள். சுலோசனா எழுதியிருந்த வரிசையிலேயே சொன்னாள். சொல்லச் சொல்லக் கல்லின் இரண்டு காதுகளும் எண்ணெயில் மினுங்கின.

தட்டு வழிக்கும் சத்தம் நின்றது.

"ஏய்," என்றது அந்தக் குரல். "யாருடி நீ?"

அவள் நிறுத்தவில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? யாருடி சொன்னா?"

அவள் அடுத்ததைச் சொன்னாள்.

அப்போது அவனுக்குப் பின்னால், அந்த வீட்டுக்குள் எங்கேயோ, யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள்.