சிலும்பியும் மடுவில் கிடந்த முதலையும்

காவிரிக் கரை நாணல் காட்டில் ஒரு நீர்நாய்க் கூட்டம் இருந்தது. அதில் சிலும்பி என்றொரு தாய். அவளுக்குத் துடியன் என்று ஒரு மகன், மின்னி என்று ஒரு மகள்.

ஒரு கெண்டை மீனுக்காக வெட்டையன் என்ற முரட்டு நீர்நாய் துடியனின் கழுத்தைக் கடித்துக் கொன்றுவிட்டது. ஒரே ஒரு மீன்! பாவி, அதையும் முழுசாகத் தின்னவில்லை.

கூட்டம் கொதித்தது. கொலைகாரனை முதலை மடுவில் தள்ளுவது போன வருஷம்தான் அங்கே வந்த வழக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவரே தள்ள வேண்டும்.

அப்போது முதல் கொலைகாரனைத் தள்ளியபோது, "வேண்டாம், உயிரை எடுக்க நாம் யார்?" என்று மறித்தவள் இதே சிலும்பிதான். தலைவன் பெருவாலன் அதை மறக்கவில்லை.

"இப்ப என்ன சொல்றே தாயி? ஊரான் பிள்ளைன்னா நியாயம் பேசலாம். உன் பிள்ளைன்னா?"

"நான் அன்னைக்குப் பேசினது வேற, இன்னைக்கு என் வயிறு எரியறது வேற!" என்று கத்தினாள் சிலும்பி. "இழுத்துட்டு வாங்க அவனை!"

மடுவின் விளிம்பில் வெட்டையன் நடுங்கிக்கொண்டு நின்றான். சிலும்பி அவன் முதுகில் இரண்டு கைகளையும் வைத்தாள். கீழே முதலை வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது.

"சீக்கிரம் தள்ளும்மா! நியாயம் தாமதமாகலாமா?" என்றது.

"உனக்கென்ன இவ்வளவு அவசரம்?"

"முன்னாலெல்லாம் நான் மீன்தானே தின்னேன்? நீங்கதான் போன வருஷம் இந்த ருசியைக் காட்டினீங்க. அதுக்கப்புறம் மீன் இறங்கவே மாட்டேங்குது!"

"நீ தின்னவேண்டியது கொலைகாரனை மட்டும்தான். தெரியுமில்ல?"

"எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கறி எல்லாம் ஒரே கறிதான்!" முதலையின் கண் சிலும்பிக்குப் பின்னால் போனது. "அது யாரு, உன் மகளா? நல்லா வளரட்டும்."

சிலும்பி மின்னியைத் திரும்பிப் பார்த்தாள். வெட்டையனின் முதுகிலிருந்து கைகளை எடுத்தாள். பெருவாலன் சத்தமில்லாமல் தன் குட்டியைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டான். அப்புறம் யாரும் "தள்ளு" என்று சொல்லவில்லை.

வெட்டையனை நடு ஆற்றுப் பாறையில் தனியாக விட்டு, இரை கொடுத்து, அவன் ஆயுள் முடியும்வரை முறை வைத்துக் காவல் காத்தார்கள். முதலை ஒரு மாதம் காத்துப் பார்த்துவிட்டு, கெண்டை பிடிக்கக் கிளம்பியது.

"மனசு ஆறிடுச்சா தாயி?" என்று ஒரு நாள் பெருவாலன் கேட்டான்.

"ஆறல. அவனை நான் மன்னிக்கவும் இல்ல. ஆனா மின்னி பயமில்லாம நீந்துறா" என்றாள் சிலும்பி.

கொலைகாரனைத் தின்ன ஒரு வாயைப் பழக்கினால், அந்த வாய் அவனோடு மூடிக்கொள்ளாது.